எல்லையில் நிற்கும் வண்டி: டிரைவர் வீடுகளின் கேள்விகளும் ஒரு பழைய டிரைவரின் பதில்களும்

மதுரை ரிங் ரோட்டில் பாண்டி கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி எனக்கு ஒரு சின்ன லாரி புக்கிங் ஆபீஸ் இருக்கிறது. வடக்கே முதல் லோடு போகிற வண்டிகள் கோயில் வாசலில் நின்று, சூடம் காட்டி, டயருக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு என் ஆபீஸைத் தாண்டித்தான் போகும். இருபத்தேழு வருஷம் நானும் அப்படிக் கிளம்பிப் போனவன். அதில் பதினோரு வருஷம் நேபாளம், வங்கதேசம் என்று எல்லை லைன். அப்புறம் ஆறு வருஷம் சவூதியில் தம்மாமிலிருந்து டிரெய்லர். கண்ணில் புரை விழுந்த பிறகு ஸ்டியரிங்கை விட்டுவிட்டேன்.

எல்லை தாண்டிப் போகும் லோடு பற்றிக் கேள்வி இருந்தால் எழுதலாம் என்று போன இதழில் ஒரு வரி வந்தது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெண்கள் எழுதியவை. டிரைவர் ஓட்டுகிறார், வீடு கவலைப்படுகிறது. கடிதம் எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

உசிலம்பட்டி பக்கத்து டிரைவர் ஒருவர்: எனக்கு 26 வயது. குஜராத், டில்லி வரை ஓட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் தடவையாக காத்மாண்டுவுக்கு லோடு. "எல்லாம் ஏஜென்ட் பார்த்துக்குவாரு, நீ ஓட்டினா போதும்" என்கிறார் ஓனர். நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

தம்பி, ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்பது உண்மைதான். ஆனால் காகிதத்தில் ஒரு எண் தப்பினால், ஏஜென்ட் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். ஓனர் மதுரையில் இருப்பார். வண்டியோடு அங்கே கிடக்கப் போவது நீங்கள். அதனால் உங்கள் லோடின் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2009 ஜனவரி. மூடிய பாடி வண்டியில் ரப்பர் சாமான். ஏற்றின இடத்தில் கதவைச் சாத்தி, சீல் போட்டு, காகிதக் கட்டைக் கையில் கொடுத்தார்கள். கவரைப் பிரிக்காமல் அப்படியே டேஷ்போர்டில் வைத்துக் கிளம்பினேன். பீகாரில் நேபாள எல்லையில் இருக்கிற ரக்சால் போய்ச் சேர ஏழு நாள். அங்கே சுங்க அதிகாரி சீலைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தார். சீலில் கடைசி இரண்டு எண் 86. காகிதத்தில் 68. டைப் அடித்தவருக்கு விரல் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அதிகாரியின் பக்கம் நின்று பாருங்கள். வேறு சீல் என்றால், வழியில் கதவு திறக்கப்பட்டது என்றுதானே அர்த்தம்? அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. திருத்திய காகிதம் வந்து சேர நாலு நாள் ஆனது. காலை பத்து மணி வரை பக்கத்து வண்டி தெரியாத பனி. கிளீனர் பையன் தேனிக்காரன், அதுவரை அப்படி ஒரு பனியைப் பார்த்ததில்லை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கம்பளி.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். சீல் போட்டதும் கிளீனர் அதைக் கையில் பிடித்து ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகச் சொல்வார். நான் காகிதத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வருவேன். வண்டி நம்பர், உருப்படி எண்ணிக்கை, எடை இந்த மூன்றும் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில்டி (லாரி ரசீது) எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நீங்கள் செல்போனில் சீலைப் படமும் எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். கிளம்பும் இடத்தில் கண்டுபிடித்தால் பத்து நிமிஷத்தில் தீரும் விஷயம்.

சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லின் கெடுவையும் பாருங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. மதுரையிலிருந்து ரக்சால் சுமார் 2,500 கிலோமீட்டர், ஆக 13 நாள் கிடைக்கும். ஓட்டுவதற்கு அது தாராளம். வழியில் ஹவுசிங் (பின் அச்சின் கூடு) உடைந்து நின்று, அப்புறம் எல்லையில் வரிசையில் நின்றால் போதாது. கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்போ, முடிந்து எட்டு மணி நேரத்துக்குள்ளோ நீட்டிக்கலாம். அதை டிரான்ஸ்போர்ட் ஆபீஸில்தான் செய்ய வேண்டும், ஆனால் நேரத்துக்குப் போன் போட்டு ஞாபகப்படுத்த வேண்டியது நீங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். சாதாரண பாலிசி இந்திய எல்லையோடு நின்றுவிடும். நேபாளம், பூடான், வங்கதேசம் போகிற வண்டிக்குத் தனியாகப் பணம் கட்டி எல்லையை நீட்டிக்க வேண்டும். "ஜியாகிரபிகல் எக்ஸ்டென்ஷன்" என்று கேட்டால் இன்சூரன்ஸ்காரருக்குப் புரியும். பெரிய தொகை இல்லை. பாலிசித் தாளில் நேபாளம் என்ற பெயர் அச்சாகியிருக்கிறதா என்று நீங்களே கண்ணால் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

இனி அந்தப் பக்கம். இந்தியருக்கு விசா கிடையாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டையின் அசலை வைத்துக்கொள்ளுங்கள். நம் லைசென்ஸ் அங்கே செல்லும். வண்டி நம்மைப் போல இடது பக்கம்தான் போகும். சுங்கத்தை அங்கே "பன்சார்" என்பார்கள். வண்டி எத்தனை நாள் உள்ளே இருக்கலாம் என்று ஒரு தாள் தருவார்கள். அந்தத் தாளில்தான் நம் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். நேபாளத்தில் விக்ரம் சம்வத் நாட்காட்டி. நமக்கு 2025 என்றால் அவர்களுக்கு 2082. மாதமும் வேறு, தேதியும் வேறு, எண்களும் தேவநாகரியில். வெளியே வர வேண்டிய நாள் நம் கணக்கில் எது என்று அந்தக் கவுன்டரிலேயே கேட்டு, தாளின் ஓரத்தில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். கெடு தாண்டினால் அபராதம். அப்புறம், நேபாளத்துக்குள்ளேயே ஒரு ஊரில் ஏற்றி இன்னொரு ஊரில் இறக்கும் சவாரியை யாராவது ஆசை காட்டுவார்கள். இந்திய வண்டிக்கு அது கூடாது.

கடிகாரம் 15 நிமிஷம் முன்னால் போகும். சனிக்கிழமைதான் அங்கே வார விடுமுறை. வெள்ளி சாயங்காலம் போய் நின்றால் நம் ஞாயிறும் சேர்ந்து போய்விடும். நம் 100 ரூபாய் அங்கே 160. பெரிய நோட்டுகளுக்கு அங்கே பல காலம் கட்டுப்பாடு இருந்தது, 100 ரூபாய்த் தாளாகவே கொண்டு போவது பத்திரம்.

கடைசியாக ரோடு. ரக்சாலுக்கு எதிரே நேபாளத்தில் இருக்கிற பீர்கஞ்சிலிருந்து ஹெடௌடா, நாராயண்கட், முக்லிங் வழியாகத்தான் கனரக வண்டிகள் ஏறும். நாராயண்கட்டுக்கும் முக்லிங்குக்கும் நடுவே ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் திரிசூலி ஆறு. 2024 ஜூலையில் அந்த ரோட்டில் சிமல்தால் என்ற இடத்தில் மண் சரிந்து இரண்டு பஸ்களை ஆற்றுக்குள் தள்ளியது. ராத்திரி நேரம், விடாத மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த ரோட்டில் இரவில் ஓட்டாதீர்கள், பார்ட்டி (சரக்குக்காரர்) எத்தனை தடவை போன் போட்டாலும் சரி. போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் லோடோடு ஓட்டியவர் என்றால் வளைவு உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அது அரை நாளில் முடிகிற மலை. இங்கே திரும்பும்போது காத்மாண்டுவை விட்டதும் நௌபிசே வரை ஒரே இறக்கம். காலி வண்டிதானே என்று நியூட்ரலில் விட்டவர்களை நான் பள்ளத்தில் பார்த்திருக்கிறேன். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

மதுரை செல்லூரிலிருந்து ஒரு டிரைவரின் மனைவி: என் வீட்டுக்காரர் மெஷின் சாமான் ஏற்றிக்கொண்டு பெட்ராபோல் போய் 19 நாளாக வரிசையில் நிற்பதாகச் சொல்கிறார். "அப்படியெல்லாம் எங்கும் நிற்க விடமாட்டார்கள், வேறு ஏதோ இருக்கிறது" என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். ஓனரிடம் கேட்டால் "ஓடினால்தான் பேட்டா, நின்றால் கிடையாது" என்கிறார். இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டும். என்ன செய்வது?

தங்கச்சி, முதலில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது நடக்கிற விஷயம்தான். நான் ஒரு தடவை 23 நாள் நின்றிருக்கிறேன். அப்போது என் வீட்டிலும் இதே பேச்சு வந்தது. அதனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

பெட்ராபோல் கல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தெற்காசியாவிலேயே பெரிய தரைவழித் துறைமுகம் அது. போகிற ஜெசூர் ரோட்டில் இரண்டு பக்கமும் நூறு வருஷத்துக்கு மேலான மரங்கள் நிற்கும். எதிரே வங்கதேசத்தின் பேனாபோல். நம் வண்டி டாக்கா வரை போகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், போகாது. டிரைவருக்குக் கார் பாஸ் என்று ஒரு அனுமதி கொடுப்பார்கள். அதை வைத்து பேனாபோல் கிடங்கு வரை போய் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். அங்கிருந்து அந்த நாட்டு லாரிகள் ஏற்றிப் போகும். ஆகவே அந்தப் பக்கக் கிடங்கில் இடம் காலியானால்தான் இந்தப் பக்க வரிசை அசையும். இப்போது மேற்கு வங்க அரசின் சுவிதா என்ற ஏற்பாட்டில் முன்பதிவு செய்து முறைப்படி அனுப்புகிறார்கள், முன்பைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் அந்தப் பக்கம் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஈத் வந்தால் அங்கே மூடும், துர்கா பூஜை வந்தால் இங்கே மூடும். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்த நாட்களில் எல்லாமே நின்று போனது. 2025 ஏப்ரலில் அவர்கள் தரைவழியாக நூல் வருவதையே நிறுத்திவிட்டார்கள். திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்திலிருந்து நூல் ஏற்றுகிறவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதில் ஒன்றுகூட டிரைவர் கையில் இல்லை.

அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அவர் போனில் சொல்லியிருக்க மாட்டார். எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் பொங்கான் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பெரிய பார்க்கிங் மைதானம். மழை பெய்தால் கணுக்கால் அளவு சேறு. வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால் அதுதான் அடுப்படி. பெட்டி மூடியே மேடை. அதன் மேல் அடுப்பு, அரிசி டப்பா, பருப்பு டப்பா. தமிழ்நாட்டு வண்டிகள் நாலைந்து பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிட்டால் ஒரு வண்டியில் சோறு, ஒரு வண்டியில் குழம்பு. நாமக்கல்காரர் ஒருவர் தினமும் ரசம் வைத்து எல்லாருக்கும் ஊற்றினார். அவர் வண்டி வரிசையில் முன்னால் போனதும் எங்களுக்கு ரசம் போய்விட்டது. ராத்திரி கேபினுக்குள் புழுக்கம், வெளியே கொசு. கொசுவலையின் இரண்டு முனையைக் கண்ணாடிக் கம்பியிலும் இரண்டு முனையைப் பக்கத்து வண்டியிலும் கட்டிப் படுப்போம். பக்கத்து வண்டி நகர்ந்தால் எழுந்து அவிழ்க்க வேண்டும். டீசல் திருட்டுக்குப் பயந்து ஒருவர் மாற்றி ஒருவர் முழித்திருப்போம். இதுவும் வேலைதான் தங்கச்சி. லோடைக் காவல் காக்கும் வேலை.

பேட்டா விஷயம். வண்டி குறிப்பிட்ட நாளுக்கு மேல் நின்றால் ஓனர் பார்ட்டியிடம் ஹால்ட்டிங், அதாவது நின்ற நாளுக்கான பணம், கேட்பார். அதை வாங்கிக்கொண்டு டிரைவருக்கு ஒன்றும் இல்லை என்பது நியாயமே இல்லை. இந்த லோடுக்கு முன்கூட்டிப் பேசியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பேசவில்லை என்றாலும், பார்ட்டியிடமிருந்து ஹால்ட்டிங் வந்ததா என்று உங்கள் வீட்டுக்காரர் ஓனரிடம் நேராகக் கேட்கலாம். அதில் தவறு ஒன்றுமில்லை. வரிசையில் சேர்ந்த நாள், பார்க்கிங் ரசீது, உள்ளே போன நாள் எல்லாவற்றையும் அவர் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். கணக்குப் பேச அதுதான் ஆதாரம். அடுத்த தடவையிலிருந்து, எல்லையில் மூன்று நாளுக்கு மேல் நின்றால் நாளுக்கு இவ்வளவு என்று பில்டி போடும்போதே எழுதி வாங்கச் சொல்லுங்கள். நான் புக்கிங் போடும் வண்டிகளுக்குச் சீட்டின் பின்பக்கம் இதை எழுதி ஓனரிடம் கையெழுத்து வாங்குகிறேன். ஆரம்பத்தில் இரண்டு ஓனர்கள் முகத்தைச் சுளித்தார்கள், இப்போது பழகிவிட்டது. மூன்று மாதச் சம்பளத்தையே நிறுத்திவிட்டார் என்கிற நிலை வந்தால் மதுரைத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-ல் வந்தது, 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டது. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அந்தப் பழைய சட்டத்திலேயே எழுதியிருந்ததை நம் டிரைவர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

இன்னொன்று. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. அவர் அதில் பதிந்திருக்கிறாரா? பதிந்திருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. பதியவில்லை என்றால் அவர் ஊருக்கு வந்த அன்றே கூட்டிக்கொண்டு போய்ப் பதியுங்கள். இல்லாவிட்டால், நாளைக்குப் போகலாம் என்று சொல்லி அடுத்த லோடுக்குக் கிளம்பிவிடுவார்.

வாடிப்பட்டியிலிருந்து ஒரு கிளீனர்: எல்லையில் தெரிந்தவர் ஒருவர் சின்னப் பார்சல் கொடுத்து அந்தப் பக்கம் கொடுக்கச் சொன்னால் கொண்டு போகலாமா? 2,000 ரூபாய் தருவார்கள் என்கிறார்கள்.

வேண்டாம் தம்பி. காகிதத்தில் இல்லாத ஒரு தீப்பெட்டிகூட வண்டியில் இருக்கக் கூடாது. மருந்துப் பார்சல் என்பார்கள், தங்கச்சி கல்யாணத்துக்குத் துணி என்பார்கள். துணியைக் கொண்டு போக எதற்கு 2,000 ரூபாய்? பிடிபட்டால் கொடுத்தவர் அங்கே இருக்க மாட்டார். வண்டி ஜப்தி, டிரைவரோடு சேர்ந்து நீங்களும் உள்ளே. இரவு நிறுத்தி எடுக்கும்போது டூல்ஸ் பெட்டி, ஸ்டெப்னி, தார்ப்பாய் மடிப்பு, சேஸிஸ் அடி எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பார்ப்பது உங்கள் வேலை. உங்களுக்குத் தெரியாமலும் யாராவது வைத்துவிடலாம்.

மேலூரிலிருந்து ஒரு டிரைவர்: சவூதியில் டிரெய்லர் ஓட்டும் வேலை, துபாய், பஹ்ரைன் என்று எல்லை தாண்டும் டிரிப் என்கிறார் ஒரு ஏஜென்ட். ஒன்றரை லட்சம் கேட்கிறார். விசா ஹவுஸ் டிரைவர் என்று வருமாம், போன பிறகு மாற்றிக்கொள்ளலாமாம். போகலாமா?

இந்த விசாவில் போகாதீர்கள். ஹவுஸ் டிரைவர் விசா என்றால் அங்கே நீங்கள் வீட்டு வேலைக்காரர் கணக்கு. கம்பெனித் தொழிலாளருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு அப்படியே உங்களுக்குக் கிடைக்காது. அந்த விசாவில் டிரெய்லர் ஓட்டி மாட்டினால் குற்றம் உங்கள் பேரில். நம்பிப் போய், சம்பளத்துக்கும் வழியில்லாமல் ஊருக்கும் வர முடியாமல் இரண்டு வருஷம் கிடந்தவர்களுக்குத் தம்மாமில் நான் சோறு போட்டிருக்கிறேன்.

பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கலாம் என்று அரசு வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும். ஒன்றரை லட்சம் எங்கே, இது எங்கே? அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பிள்ளைகளை வைத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர் என்றால் உங்கள் பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று இருக்கும். அப்படியானால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் சவூதிக்கு வேலைக்குப் போக முடியாது. அந்த அனுமதி உங்களுக்கு ஒரு காவல். சுற்றுலா விசாவில் அனுப்புகிறேன் என்று அதைச் சுற்றிப் போகச் சொல்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பிரவாசி பாரதீய பீமா யோஜனா என்ற இன்சூரன்ஸும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டினால் விபத்தில் இறந்தாலோ முழுதாக ஊனமானாலோ 10 லட்சம். போன பிறகு பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்ள அங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. இக்காமாவும் (அங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அட்டை) பாஸ்போர்ட்டும் உங்களிடமே இருக்கட்டும்.

முறையான டிரெய்லர் விசா கிடைத்தால் தாராளமாகப் போங்கள். நல்ல ரோடு, நல்ல வண்டி. வலது பக்கம் ஓட்டப் பழக ஒரு மாதம் ஆகும். ரவுண்டானாவில்தான் கை தடுமாறும். சவூதியிலிருந்து அமீரகம் போக அல் பத்தா எல்லை, அந்தப் பக்கம் அல் குவைஃபாத். பஹ்ரைனுக்குக் கடல் மேல் 25 கிலோமீட்டர் பாலம், 1986-ல் திறந்தது. ஓமனுக்கு முன்பு அமீரகத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். 2021 டிசம்பரில் ருப் அல் காலி பாலைவனத்துக்கு நடுவே நேர் ரோடு திறந்துவிட்டார்கள். எல்லையில் வரிசை அங்கேயும் உண்டு. ஜூலை மாத வெயிலில் ஏசி நின்ற கேபினுக்குள் அரை மணி இருக்க முடியாது. ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் தனியாக இருக்கட்டும், அதை ரேடியேட்டருக்கு ஊற்றாதீர்கள்.

ஒரு விஷயத்தைத் தலைப்பிட்டுச் சொல்ல வேண்டும்: கசகசா. நம் வீட்டில் குருமாவுக்குப் போடுகிற கசகசா வளைகுடா நாடுகளில் போதைப்பொருள் கணக்கு. என்னோடு ஓட்டிய ராமநாதபுரத்துக்காரர் ஒருவரின் மசாலா டப்பாவில் ஒரு கைப்பிடி இருந்தது. அவர் மனைவி பாசத்தோடு கட்டிக் கொடுத்தது. ஒரு சோதனைச்சாவடியில் டப்பாவைத் திறந்து விரலால் கிளறினார்கள். அவரை இரண்டு ராத்திரி உட்கார வைத்து விசாரித்தார்கள். சமையலுக்கு என்று புரியவைத்து மீட்டுக்கொண்டு வருவதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது. இருமல் மருந்து, வலி மாத்திரை எதுவானாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் பெட்டியில் வைக்காதீர்கள். சவூதியில் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை வரை போகும்.

திருமங்கலத்திலிருந்து ஒரு வண்டி ஓனர்: நேபாளத்தில் என் வண்டி விபத்தில் சிக்கினால் டிரைவர் என்ன செய்ய வேண்டும்?

ஓடக் கூடாது, அதே சமயம் கூட்டத்துக்கு நடுவே நிற்கவும் கூடாது. சாவியை எடுத்துக்கொண்டு நேராகப் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போய்விட வேண்டும். ஆள் இறந்தால் டிரைவரைக் காவலில் வைப்பார்கள். இழப்பீடு பேசி முடியாமல் வண்டி நகராது. பசு அங்கே தேசிய விலங்கு. வேண்டுமென்றே கொன்றால் சிறை. தெரியாமல் மோதினாலும் ஊர் கூடிவிடும். குடித்துவிட்டு ஓட்டுவதில் அவர்கள் நம்மைவிடக் கண்டிப்பு. பீர்கஞ்சிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, காத்மாண்டுவில் தூதரகம். இரண்டின் போன் எண்களையும் எழுதி கேபினில் ஒட்டிக் கொடுங்கள். இந்திய சிம் உள்ளே போனதும் ரோமிங் இல்லாமல் செத்துவிடும். பீர்கஞ்சில் ஒரு நேபாள சிம் வாங்கிக்கொள்ள டிரைவருக்குப் பணம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கேள்வி கேட்டது டிரைவருக்காக என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். வண்டி என்ன ஆகும் என்றுதான் மற்ற ஓனர்கள் கேட்டிருந்தார்கள்.

அலங்காநல்லூரிலிருந்து ஒரு மாணவர்: இலங்கை இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, லாரியிலேயே போக முடியாதா?

முடியாது. தனுஷ்கோடி வரை ரயிலில் போய், கப்பலில் தலைமன்னார் போன காலம் ஒன்று இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் ஆட்களுக்கானது. சரக்கு என்றால் நம் லாரி தூத்துக்குடித் துறைமுகம் வரைதான். அங்கிருந்து கண்டெய்னர் மட்டும் கொழும்புக்குப் போகும், டிரைவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

செக்கானூரணியிலிருந்து ஒரு தாயார்: என் மகன் அடுத்த வாரம் முதல் தடவையாக ரக்சால் கிளம்புகிறான். அவனுக்கு என்ன கட்டிக் கொடுப்பது?

அம்மா, இட்லிப் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் இந்த மூன்றும் இருந்தால் பதினைந்து நாள் தள்ளலாம். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மிதக்க, தண்ணீர் படாமல் கிளறி, கண்ணாடிப் பாட்டிலில் வேண்டாம், எவர்சில்வர் தூக்கில் போட்டுக் கொடுங்கள். நாக்பூர் தாண்டினால் நம் ஊர்ப் புழுங்கல் அரிசி கிடைப்பது அரிது. பத்துக் கிலோ கூடவே போகட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் இரண்டு கம்பளி. கிளீனருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ஒரு மாதத்துக்கானதை டாக்டர் சீட்டோடு வையுங்கள்.

லைசென்ஸ், ஆர்.சி., பெர்மிட், பாலிசி எல்லாவற்றுக்கும் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து ஒரு செட்டை நீங்கள் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு செட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிடுங்கள். டேஷ்போர்டை உடைக்கிற திருடன் அரிசிப் பெட்டியைத் தொட மாட்டான். அப்புறம் அந்தப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில் உங்கள் போன் நம்பரை எழுதி ஒட்டுங்கள். அதன் கீழே "இவனுடைய அம்மா" என்று தமிழில் மட்டும் எழுதினால் அங்கே யாருக்கும் புரியாது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இந்தி தெரிந்த டீச்சர் யாராவது இருந்தால் அவரிடம் இந்தியிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.